லூசில் பால் உண்மையில் என்ன செய்தார்?

கேட்டவரின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "லூசில் பால் என்று ஓர் அமெரிக்க டிவி நடிகை. அவர் இல்லாவிட்டால் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரே வந்திருக்காது, மூன்று கேமரா வைத்து எடுப்பதும் மறு ஒளிபரப்பும் அவர் கண்டுபிடித்தவை என்று எங்கு பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். முகத்தைக் கோணிச் சிரிக்க வைத்த ஒரு நடிகையால் இதெல்லாம் முடியுமா, இல்லை யாராவது கிளப்பிவிட்டதா? பார்ப்பதானால் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" ஸ்டார் ட்ரெக்கைப் பற்றிய சந்தேகம் மாதிரி இருந்தாலும், எந்தப் பெருமை அந்த அம்மாவுக்குச் சேரும், எது பக்கத்தில் நின்றவர்களுக்குப் போக வேண்டும் என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக டிவி நிகழ்ச்சிகளுக்கு எடிட்டிங் செய்கிறவன். பல கேமராக்களில் எடுத்த காமெடியை வெட்டி ஒட்டிப் பழகிய கை. ஆகவே நான் சொல்வது எடிட்டிங் மேசையிலிருந்து தெரிகிற லூசில் பால். அவருடைய பழைய சினிமாக்களில் பாதிகூட நான் பார்த்ததில்லை, அந்தப் பக்கம் என்னை நம்பாதீர்கள்.

வாழ்க்கைக் கதையில் சந்தேகமில்லாத பகுதி இது. 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். அப்பாவுக்கு டெலிஃபோன் கம்பி இழுக்கிற வேலை. மகளுக்கு மூன்றரை வயது இருக்கும்போது டைபாய்டில் போய்விட்டார். அப்புறம் வளர்ந்ததெல்லாம் ஏரிக்கரையில் இருக்கும் செலரான் என்ற சிற்றூரில், அம்மா வழித் தாத்தா வீட்டில். 1927-ல் ஒரு விபத்து. தாத்தாவின் மேற்பார்வையில் கொல்லைப்புறத்தில் பிள்ளைகள் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது, குண்டு பாய்ந்து பக்கத்து வீட்டுப் பையன் நடக்க முடியாமல் போனான். வழக்கில் தாத்தா வீட்டை இழந்தார். அதற்குமுன்பே, பதினைந்து வயதில், லூசில் நியூயார்க் நகரத்துக்கு நடிப்புப் பள்ளிக்குப் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தார். அங்கே எல்லோரும் கொண்டாடிய மாணவி, பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான பெட்டி டேவிஸ். இவர் வாயைத் திறக்கவே பயந்த பெண். அப்புறம் துணிக்கடை மாடல் வேலை, நீண்ட நாள் படுக்கையில் தள்ளிய மூட்டு நோய், 1933-ல் ஹாலிவுட். பதினைந்து வருஷத்துக்கு மேல் டஜன் கணக்கில் படங்கள். 'பி படங்களின் ராணி', அதாவது குறைந்த செலவில் எடுக்கிற இரண்டாந்தரப் படங்களின் ராணி என்பது அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம், பாராட்டாகச் சொன்னது இல்லை. பழுப்பு முடியை நெருப்புச் சிவப்பாக்கியது எம்ஜிஎம் ஸ்டூடியோவில். வேடிக்கை என்னவென்றால், உலகமே அவரைச் 'செம்முடிக்காரி' என்று தெரிந்துவைத்திருப்பது கறுப்பு வெள்ளைத் தொடர் ஒன்றினால்.

1940-ல் ஒரு படப்பிடிப்பில் டெஸி ஆர்னாஸைச் சந்திக்கிறார். க்யூபாவில் வசதியான குடும்பத்தில் பிறந்து, 1933 புரட்சியில் எல்லாம் போய் மயாமிக்கு வந்து சேர்ந்து, பாட்டும் காங்கா முரசுமாக மேலே வந்தவர். லூசிலைவிட ஆறு வயது இளையவர். அதே வருஷம் நவம்பரில் கல்யாணம். அவர் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்ற, இவர் ஹாலிவுட்டில் இருக்க, சேர்ந்திருந்த நாட்களைவிடப் பிரிந்திருந்த நாட்கள்தான் அதிகம். சண்டையும் அதற்கேற்ற மாதிரி. நீங்கள் கேட்ட மூன்று கேமராவும் மறு ஒளிபரப்பும் இந்த வீட்டுப் பிரச்சினையிலிருந்துதான் முளைத்தன என்று தைரியமாகச் சொல்வேன்.

1948-லிருந்து சிபிஎஸ் வானொலியில் லூசில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். நன்றாகப் போனது. அதை டிவிக்குக் கொண்டுவரலாம் என்று சிபிஎஸ் கேட்டபோது, புருஷனாக டெஸியைப் போட்டால்தான் வருவேன் என்றார். க்யூபா வாடையடிக்கிற ஆங்கிலம் பேசுகிற ஒருவரை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவராக ஜனங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று அவர்கள் இழுத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் 1950-ல் மேடை நிகழ்ச்சி ஒன்றைத் தயார் செய்து ஊர் ஊராகப் போய் நடித்துக்காட்டினார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். அதோடு அந்த வாதம் முடிந்தது. அப்படி வந்த தொடர்தான் 'ஐ லவ் லூசி', அதில் லூசிலின் பாத்திரம் லூசி ரிக்கார்டோ.

அடுத்த சிக்கல் ஊர். அப்போது பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். மேற்குக் கரைக்கு, டிவி திரையையே ஒரு கேமராவால் படம் பிடித்து அந்தப் பிரதியை அனுப்புவார்கள். கினெஸ்கோப் என்று பேர். கலங்கல் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற போட்டோ மாதிரி இருக்கும். சிகரெட் கம்பெனியான ஃபிலிப் மாரிஸ்தான் பணம் போடுகிறவர்கள். ஹாலிவுட்டிலிருந்து ஒளிபரப்பினால் கிழக்கே இருக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பிரதி போகும்; நாட்டின் பெரும்பகுதி ஜனங்கள் கலங்கலைப் பார்ப்பதில் அவர்களுக்கு இஷ்டமில்லை, நியூயார்க் வாருங்கள் என்றார்கள். லூசிலுக்கு முதல் குழந்தை பிறக்கிற நேரம் அது, கலிஃபோர்னியாவை விட்டுக் கிளம்புவதாக இல்லை. அப்படியானால் சினிமா மாதிரி 35 மிமீ ஃபிலிமிலேயே எடுத்து எல்லா ஊருக்கும் ஒரே தரத்தில் அனுப்பிவிடலாம் என்று முடிவானது. செலவு கூடும். அதை ஈடுகட்டத் தங்கள் வாரச் சம்பளத்தில் 1000 டாலரைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு ஃபிலிமின் உரிமையைத் தம்பதியின் டெஸிலு கம்பெனிக்கு எழுதி வாங்கிக்கொண்டார் டெஸி. ஒளிபரப்பாகி முடிந்த நிகழ்ச்சியை எவன் மறுபடி பார்ப்பான் என்று எல்லோரும் நினைத்த காலம். எதிர்த் தரப்பு யோசிக்காமல் கையெழுத்துப் போட்டது.

இதிலிருந்து மறு ஒளிபரப்பு விஷயத்தை நீங்களே பிரித்துக்கொள்ளலாம். லூசில் உட்கார்ந்து 'மறு ஒளிபரப்பு' என்று ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. தரமான ஃபிலிம் கையில் இருந்தது, உரிமையும் இருந்தது. இரண்டாவது குழந்தைக்காக அவர் ஓய்வெடுத்தபோது பழைய பகுதிகளைத் திரும்பப் போட்டார்கள், ஜனங்கள் பார்த்தார்கள். பேரம் பேசியது டெஸி, ஊரை விட்டு வரமாட்டேன் என்ற பிடிவாதம் லூசிலுடையது. பிறகு 40 லட்சம் டாலருக்கும் மேல் வாங்கிக்கொண்டு அந்தப் பகுதிகளைச் சிபிஎஸ்ஸுக்கே விற்றார்கள்.

மூன்று கேமரா? அவர் கண்டுபிடித்ததில்லை, டெஸி கண்டுபிடித்ததும் இல்லை. அதற்கு முன்பே ஒரு கேள்வி பதில் நிகழ்ச்சியைப் பார்வையாளர் முன்னால் பல ஃபிலிம் கேமரா வைத்து எடுத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்த ஆல் சைமனையே இவர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆனால் கதையும் செட்டுமாக உள்ள தொடருக்கு அது வாராவாரம் ஒத்துவரும்படி செய்தவர், என் கணக்கில், ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் மௌனப்பட காலத்திலேயே பேர் வாங்கி, பிறகு ஹாலிவுட்டில் ஆஸ்கரும் வாங்கியவர். சினிமாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றி வைக்கலாம். எதிரே முந்நூறு பேர் உட்கார்ந்து பார்க்கும்போது அது நடக்காது. விளக்குகளை மேலே தூக்கி, செட் முழுக்கச் சமமாக வெளிச்சம் விழும்படி செய்தார். நடுக் கேமரா அகலமாக எடுக்கும், இரண்டு பக்கக் கேமராக்களும் ஆட்களை நெருக்கிப் பிடிக்கும். செட்டுக்குச் சாம்பல் நிறத்தின் பல சாயல்களில் பெயிண்ட் அடிக்கச் சொன்னார், கறுப்பு வெள்ளையில் மாறுபாடு கட்டுக்குள் இருக்கட்டும் என்று. இன்றைக்கும் மல்டி கேமரா ஃப்ளோரில் நாங்கள் விளக்குப் போடும் கணக்கு பெரும்பாலும் இதுதான்.

எடிட்டிங் அறையில் இன்னொரு கூத்து. மூன்று கேமராவின் ஃபிலிமையும் ஒரே சமயத்தில் ஓட்டிப் பார்க்க அப்போது இயந்திரம் இல்லை. மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தில் மூன்று படத் தலையும் ஒரு ஒலித் தலையும் சேர்த்து ஒன்றைக் கட்டினார்கள். எடிட்டர் டான் கான் அதற்கு வைத்த பேர் 'பூதம்'. எனக்கு இன்று ஒரு பட்டனைத் தட்டினால் வரும் வேலை. அவர் நாலு சக்கரத்தையும் ஒன்றாக ஓடவிட்டு, எங்கே வெட்டுவது என்று ஃபிலிமின் மேலேயே பென்சிலால் கோடு போட வேண்டும்.

சரி, இதுவரை சொன்னதில் லூசில் எங்கே இருக்கிறார்? கேமராவுக்கு முன்னால்தான். நான் அவருக்குக் கும்பிடு போடுவதும் அங்கேதான். ஒரு சமயம் ஒரு சேனலுக்காக நகைச்சுவைத் தொடர் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தேன். பார்வையாளர்கள் கிடையாது, சிரிப்பை நாங்கள்தான் பின்னால் ஒட்டினோம். ஒருவர் வசனத்தை முடித்த கையோடு அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார், சிரிப்புக்கு இடமே இராது. இடம் உண்டாக்க ஒரு முகத்தை இரண்டு வினாடி கூடுதலாக வைத்தால், ஆள் தன் முறைக்காகக் காத்திருப்பது அப்பட்டமாகத் தெரியும். கண் செத்துப்போயிருக்கும். அந்த நாட்களில்தான் ராத்திரி வேளையில் 'ஐ லவ் லூசி'யைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். ஜனங்கள் சிரித்து ஓய்கிற அந்த நாலைந்து வினாடியிலும் லூசில் சும்மா நிற்பதில்லை. ஏதோ ஒரு யோசனை முகத்தில் ஓடும். ஒரு பொருளைப் பார்ப்பார், திரும்பி, தொடரில் பக்கத்து வீட்டுத் தோழியான எத்தலைப் பார்ப்பார், தப்பு செய்யப்போகிறோம் என்று முடிவெடுப்பார், அப்புறம் வசனம். எந்த இடத்திலும் எனக்கு வெட்டத் தோன்றவில்லை. எடிட்டர் வேறென்ன கேட்க முடியும்?

சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது, 1952 செப்டம்பரில் ஒளிபரப்பானது. லூசியும் பக்கத்து வீட்டு எத்தலும், அதாவது விவியன் வான்ஸும், ஓடும் பட்டையில் வருகிற சாக்லேட்டுகளைத் தாளில் சுற்றி அனுப்ப வேண்டும். ஒன்றுகூடச் சுற்றாமல் தாண்டிப் போகக் கூடாது, போனால் வேலை காலி. முதலில் ஒவ்வொன்றாக வருகிறது, இருவருக்கும் பெருமை தாளவில்லை. பட்டை கொஞ்சம் வேகம் பிடிக்கிறது. சுற்ற முடியாததை வாயில் போடுகிறார்கள், பிறகு தொப்பிக்குள், பிறகு சட்டைக்குள். மேற்பார்வைப் பெண் வந்து பட்டை காலியாக இருப்பதைப் பார்த்து, இவர்கள் கெட்டிக்காரிகள் என்று நினைத்து, இன்னும் வேகமாக விடச் சொல்கிறாள். வாய் நிறைய சாக்லேட்டோடு லூசில் அவளைப் பார்க்கும் பார்வையில் ஒரு வார்த்தை கிடையாது. பெரும்பகுதி இருவரையும் சேர்த்துக் காட்டும் ஒரே கோணம்தான். அதே பகுதியில் இன்னொரு இடத்தில், லூசிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்லேட் முக்குகிற பெண் நடிகையில்லை, நிஜத்திலேயே அந்த வேலை செய்து பிழைத்தவர். கலையாத முகத்தோடு அவர் முக்கிக்கொண்டே இருப்பதில்தான் பாதிச் சிரிப்பு.

ஆள் போகிற போக்கில் கோமாளித்தனம் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வது, லூசில் சொந்தமாக வசனம் போடுகிறவர் இல்லை, காகிதத்தில் இருப்பதைச் சலிக்காமல் ஒத்திகை பார்க்கிறவர் என்பதுதான். எழுதியவர்கள் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேட்லின் ப்யூ, பாப் கேரல் மூவரும், வானொலிக் காலத்திலிருந்தே கூட இருந்தவர்கள். ஒவ்வொரு அசைவையும் அவர்கள் வரி வரியாக எழுதிவைப்பார்கள். சாகசம் ஏதாவது இருந்தால் ஒரு பெண்ணால் செய்ய முடியுமா என்று மேட்லின் முதலில் தானே செய்து பார்ப்பார். இந்த மூவரின் பேரும் இணையத்துப் புகழ்மாலைகளில் வருவதேயில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை.

கர்ப்பம் பற்றியும் ஒன்று சுற்றுகிறது, டிவியில் கர்ப்பிணியாக வந்த முதல் பெண் அவர்தான் என்று. தப்பு. 1948-லேயே 'மேரி கே அண்ட் ஜானி' என்ற தொடரில் நடந்த விஷயம். ஆனால் நாடே பார்த்தது லூசியின் கர்ப்பத்தைத்தான். 'கர்ப்பம்' என்ற ஆங்கிலச் சொல்லை வசனத்தில் சொல்லச் சிபிஎஸ் விடவில்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத ரப்பி மூவரும் எழுத்துப் படியைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. 1953 ஜனவரி 19 இரவு லூசி ரிக்கார்டோவுக்குத் திரையில் ஆண்பிள்ளை பிறந்தது. அன்றே காலையில் லூசில் பாலுக்கு அறுவை மூலம் நிஜமாகவே ஆண்பிள்ளை பிறந்தது. சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம்.

அதே வருஷம் செப்டம்பரில் கம்யூனிஸ்ட் விவகாரம். 1936-ல் வாக்காளர் பதிவில் கம்யூனிஸ்ட் கட்சி என்று எழுதியிருந்தார். சோஷலிச ஆர்வம் கொண்ட தாத்தாவைத் திருப்திப்படுத்தச் செய்தது என்று விசாரணையில் சொன்னார், விசாரித்தவர்களும் விட்டுவிட்டார்கள். ஆனால் செய்தி வெளியே கசிந்துவிட்டது. அன்று படப்பிடிப்புக்கு வந்திருந்த கூட்டத்தின் முன் டெஸி நின்று, லூசியிடம் சிவப்பாக இருப்பது அவள் தலைமுடி மட்டும்தான், அதுவும் அசல் இல்லை என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். இவரைக் காப்பாற்றியது நியாயம் மட்டும்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடர் முதலிடத்தில் இருந்தது, அதை இழக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

இனி ஸ்டார் ட்ரெக். 1957 முடியும் தறுவாயில் டெஸிலு, ஆர்கேஓ ஸ்டூடியோவை 61.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு காலத்தில் லூசில் வாரச் சம்பளத்துக்கு நடித்துக்கொண்டிருந்த அதே இடம். 1960-ல் விவாகரத்து. டெஸியின் குடியும் பெண் சகவாசமும் ஊரறிந்த காரணங்கள். 1962-ல் அவருடைய பங்கை லூசில் விலைக்கு வாங்கித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய டிவி ஸ்டூடியோ ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் என்பது சரி. ஹாலிவுட்டின் முதல் பெண் முதலாளி என்றால் சரியில்லை, 1919-லேயே மேரி பிக்ஃபோர்ட் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸில் பங்குதாரர். ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெர்ரி. டெஸிலுவில் அதைத் தூக்கிச் சுமந்தவர் தயாரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஹெர்ப் சோலோ. முதல் மாதிரிப் படத்தை என்பிசி சேனல் ஒதுக்கி, இரண்டாவதாக ஒன்று கேட்டது. செலவைப் பார்த்து டெஸிலுவின் நிர்வாகக் குழு பயந்தது, வேண்டாம் என்றது, தலைவரான லூசில் நடத்துங்கள் என்றார் என்று அங்கே வேலை செய்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொல் இல்லாமல் அந்தப் பணம் வெளியே போயிருக்காது, அதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் விண்வெளிக் கதை என்று தெரிந்து தொலைநோக்கோடு கைகொடுத்தார் என்று எழுதுவது அலங்காரம். என்ன கதை என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது, போர்முனைக்குப் போய்ச் சிப்பாய்களை மகிழ்விக்கும் சினிமா நட்சத்திரங்களின் கதை என்று நினைத்திருந்தார் என்பது சோலோ சொல்லும் கதை. இரண்டையும் அப்படியே விழுங்க வேண்டாம். அதே 1966-ல் அதே ஸ்டூடியோவிலிருந்து வந்த இன்னொரு தொடர் 'மிஷன் இம்பாசிபிள்'. அடுத்த வருஷமே டெஸிலுவை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்.

அவரே பரப்பிவிட்ட கதைகளும் உண்டு. பல்லில் அடைத்த ஈயம் ரேடியோ அலையைப் பிடித்தது, அதை வைத்து ஜப்பானிய உளவாளிகளைக் கண்டுபிடித்தார்கள் என்று பேட்டியில் சொல்வார். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

டெஸி இல்லாமல் வந்த தொடர்கள் பன்னிரண்டு வருஷம் ஓடின, இரண்டு எம்மி விருதும் வாங்கித் தந்தன. எனக்கு அவை பாதிச் சுவைதான். நிஜக் கோபத்தோடு எதிரே நின்று கத்த அந்தப் புருஷன் இல்லை. 1986-ல், 75 வயதில், மறுபடி ஒரு தொடர் ஆரம்பித்தார். எட்டுப் பகுதிகளோடு நிறுத்திவிட்டார்கள். அந்த டிசம்பர் 2 அன்று டெஸி இறந்தார். ஐந்து நாள் கழித்துக் கென்னடி மையத்தில் லூசிலுக்கு நடந்த பாராட்டு விழாவில், டெஸி முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்த வாழ்த்தைப் படித்தார்கள். 'ஐ லவ் லூசி' என்பது எனக்கு ஒருபோதும் தொடரின் தலைப்பு மட்டுமாக இருந்ததில்லை என்று அதன் கடைசியில் எழுதியிருந்தார். லூசில் 1989 ஏப்ரல் 26 அன்று பெருந்தமனி வெடித்து, 77 வயதில் காலமானார்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். சாக்லேட் பகுதியை முதலில் பாருங்கள். அடுத்து 1952 மே மாதத்து டானிக் விளம்பரப் பகுதி: 23 சதவீதம் ஆல்கஹால் உள்ள சத்து மருந்தை ஒத்திகைக்கு ஒத்திகை ஒவ்வொரு கரண்டியாகக் குடித்து, அதே வசனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழறுவது. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் ஒருமுறைகூட முன்போல் வராது. இரண்டையும் முதலில் சத்தத்தோடு, பிறகு சத்தமில்லாமல் பார்க்கலாம். சத்தத்தோடு பார்க்கும்போது சிரிப்பைக் கவனியுங்கள், நிஜ மனிதர்கள் சிரித்தது. ஒவ்வொரு வாரமும் லூசிலின் அம்மா டீடியும் அந்தக் கூட்டத்தில் வந்து உட்காருவார். மகள் ஏதாவது விபரீதத்தில் காலை வைக்கிற நேரத்தில், சிரிப்புக்கு நடுவே ஒரு பெண் குரல் 'அ... ஓ' என்று பதறும். தொடர் நெடுக அது கேட்கும். அந்தக் குரல் அவருடையது என்பார்கள்.